இருபத்தெட்டாம் சுற்று

திருபுவனை வரதராஜப் பெருமாள் கோயிலில் முதலாம் ராஜாதிராஜன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. இந்த ஊரில் நடந்த வேதக் கல்விச்சாலையைப் பற்றியது. அரசனின் 30-ஆம் ஆட்சியாண்டு என்று அதிலேயே வெட்டியிருப்பதால், 1048 என்று இன்று நம்மால் சொல்ல முடிகிறது. ஆண்டு சிதைந்துபோன கல்வெட்டுக்கும் காலம் சொல்ல வழி உண்டு. எழுத்தின் வடிவத்தைப் பார்ப்பார்கள். அரசனின் வெற்றிகளைப் பாடும் மெய்க்கீர்த்தியில் எந்தப் போர்வரை பாடியிருக்கிறது என்று பார்ப்பார்கள். ஒரு வெற்றி அதில் இடம்பெற்றிருந்தால், கல்வெட்டு அந்த வெற்றிக்குப் பிந்தியதாகத்தான் இருக்க முடியும்.

பழைய கிரிஸ்டல் ரேடியோவின் வயதைக் கண்டுபிடிப்பதும் ஏறக்குறைய இதே வேலைதான். அந்தக் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டுப் பரணிலிருந்து இறங்கிய பலகை ஒன்று, அதை எனக்கு நன்றாகவே புரியவைத்தது.

ஒரு முழத்துக்குக் குறைவான மரப்பலகை. அதன்மேல் படுத்திருக்கும் ஓர் அட்டைக் குழாய். குழாய் முழுக்க இடைவெளியில்லாமல் சுற்றிய தாமிரக் கம்பி. குழாய்க்கு மேலே ஒரு பித்தளைச் சட்டம், அதில் முன்னும் பின்னும் நகரும் சிறு தகடு. ஓரமாக நான்கு திருகாணிகள். பேட்டரி வைக்க இடமில்லை, பிளக் இல்லை, ஒலிபெருக்கி இல்லை.

"எங்க அப்பா வெச்சிருந்தது தம்பி. பிரெஞ்சுக்காரன் காலத்து ரேடியோன்னு சொல்லிக்குவாங்க. நூறு வருஷம் இருக்குமா?" என்று கேட்டார் அந்த வீட்டு அக்கா. அவருடைய அப்பா புதுச்சேரியில் ஒரு துணி ஆலையில் வேலை பார்த்தவர்.

உடனே பதில் சொல்ல முடியாத கேள்வி அது.

மின்சாரம் கேட்காத ரேடியோ

முதலில் இது எப்படிப் பாடுகிறது என்று பார்த்துவிடுவோம். அது தெரிந்தால்தான் எந்தப் பாகம் எதற்கு என்று தெரியும்.

மொட்டை மாடியிலிருந்து தென்னை மரத்துக்கு இழுத்துக் கட்டிய ஏரியல் கம்பியில், காற்றில் வரும் எல்லா வானொலி நிலையங்களின் அலைகளும் வந்து படுகின்றன. ஒவ்வொன்றும் மிகச் சிறிய மின்னோட்டத்தை உண்டாக்குகிறது. அவற்றில் ஒன்றை மட்டும் பிரித்தெடுப்பது காயிலின், அதாவது குழாயில் சுற்றிய அந்தக் கம்பிச்சுருளின் வேலை. ஊஞ்சலை அதன் ஆட்டத்துக்கு ஒத்துத் தள்ளினால் சின்னக் குழந்தை தள்ளினாலும் உயரப் போகும். ஒத்துப்போகாமல் தள்ளினால் பெரியவர் தள்ளினாலும் தடுமாறி நிற்கும். காயிலும் ஏரியலும் சேர்ந்த சுற்றுக்கும் இப்படி ஒரு சொந்த ஆட்டம் உண்டு. காயிலில் சுற்றுகள் கூடக்கூட அந்த ஆட்டம் மெதுவாகும், குறையக்குறைய வேகமாகும். பித்தளைத் தகட்டை நகர்த்துவது எத்தனை சுற்றுகள் பயன்பட வேண்டும் என்று தீர்மானிப்பதற்காகத்தான்.

அடுத்து, பிரித்தெடுத்த அலையைக் காது கேட்கும் ஒலியாக்க வேண்டும். 1215 கிலோஹெர்ட்ஸில் வரும் அலை விநாடிக்கு 12,15,000 தடவை முன்னும் பின்னும் அசைகிறது. ஹெட்போனின் மெல்லிய இரும்புத் தகட்டால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது. இரண்டு பக்கமும் சமமாக இழுபடுவதால் அசையாமலே நின்றுவிடும். பம்புசெட் வைத்திருப்பவர்களுக்கு ஃபுட் வால்வு தெரியும். தண்ணீரை மேலே போகவிடும், கீழே திரும்பவிடாது. அப்படியொரு ஒருவழிக் கதவை மின்னோட்டத்துக்குப் போட்டுவிட்டால், தகடு ஒரே பக்கமாக இழுபடும். பேச்சும் பாட்டும் ஏறி இறங்குவதற்கேற்ப அந்த இழுப்பும் ஏறி இறங்கும். அதுதான் நம் காதில் குரலாக விழுகிறது.

தகடு அதிர்வதற்கான ஆற்றல் முழுவதும் ஒலிபரப்புக் கோபுரத்திலிருந்து காற்றுவழியாக வந்தது. வேறு எந்த மின்சாரமும் இதில் இல்லை. ஆகவே இந்த ரேடியோவுக்கு நீளமான ஏரியல் வேண்டும், ஈரமண்ணில் இறங்கிய நல்ல எர்த் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாகப் பக்கத்தில் ஒரு நிலையம் வேண்டும். இந்தக் கடைசி விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கல்லும் பூனை மீசையும்

அந்த ஒருவழிக் கதவாக முதலில் இருந்தது ஒரு கல். சில உலோகக் கந்தகக் கற்கள் மின்னோட்டத்தை ஒரு பக்கம் எளிதாகவும் மறுபக்கம் கடினமாகவும் விடுகின்றன என்று 1874-லேயே ஜெர்மானியர் ஃபெர்டினாண்ட் பிரவுன் கண்டார். அப்போது வானொலி பிறக்கவில்லை. அந்தக் கல்லை வானொலி அலையைப் பிடிக்கும் கருவியாக்கியவர் கல்கத்தாவின் ஜகதீஷ் சந்திர போஸ். 1901-ல் அமெரிக்காவில் விண்ணப்பித்து 1904 மார்ச் 29-ல் அவர் பெற்ற 7,55,840 எண் காப்புரிமை, கலீனா என்னும் கல்லைக் கொண்டு அலைகளை உணரும் கருவிக்கானது. 1906-ல் அமெரிக்காவில் பிக்கார்டு சிலிக்கானுக்கும், டன்வுடி கார்போரண்டத்துக்கும் காப்புரிமை பெற்றார்கள். கிரிஸ்டல் ரேடியோவின் காலம் அங்கிருந்து வேகமெடுத்தது.

கலீனா என்பது காரீயமும் கந்தகமும் சேர்ந்த கனிமம். வட இந்தியாவில் கண்ணுக்கு இடும் சுர்மா பலவற்றில் இருப்பது இதுதான். ஒரு துண்டைக் கையில் எடுத்தால் அதன் எடை நம்மை ஏமாற்றும்; தண்ணீரைப் போல் ஏழரை மடங்கு கனம். உடைத்தால் சின்னச் சின்னக் கனசதுரங்களாக, வெள்ளி மாதிரிப் பளபளப்போடு உடையும். காரீயம் இருப்பதால் தொட்டபின் கை கழுவ வேண்டும், குழந்தைகளிடம் கொடுக்கக் கூடாது.

இந்தக் கல்லை ஒரு சிறு பித்தளைக் கிண்ணத்தில் பதித்து, அதன்மேல் மெல்லிய சுருள் கம்பியின் நுனியைப் பட்டும் படாமலும் வைப்பார்கள். அந்தக் கம்பிக்குப் பூனை மீசை என்று பெயர். கல்லின் எல்லா இடமும் வேலை செய்யாது. மீசையைத் தூக்கித் தூக்கி வேறு வேறு இடத்தில் வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். திடீரென்று ஒரு புள்ளியில் ஹெட்போனில் குரல் கேட்கும். வீட்டில் யாராவது கதவை அடித்துச் சாத்தினால் போதும், மீசை நகர்ந்து குரல் போய்விடும்.

கல் எப்படிப் பதிக்கப்பட்டிருக்கிறது என்பதே ஒரு தடயம். சாதாரண சால்டரிங் சூடு கலீனாவைக் கெடுத்துவிடும். ஆகவே விவரம் தெரிந்தவர்கள் பிஸ்மத், காரீயம், வெள்ளீயம், காட்மியம் கலந்த உட்ஸ் மெட்டல் என்ற உலோகத்தில் பதித்தார்கள். அது சுமார் 70 டிகிரியிலேயே உருகிவிடும்; கொதிக்கும் தண்ணீர் போதும். சாதாரண ஈயப்பற்றில் புதைந்த கல்லைக் கண்டால், விவரம் தெரியாத கை பின்னால் பட்டிருக்கிறது என்று சந்தேகப்படலாம்.

1946-ல் அமெரிக்காவின் சில்வேனியா நிறுவனம், கல்லும் மீசையும் செய்த அதே வேலையைச் செய்யும் 1என்34 என்ற ஜெர்மானியம் டயோடை விற்பனைக்குக் கொண்டுவந்தது. தெளிவான கண்ணாடி உறை உள்ள இத்தகைய டயோடு ஒன்றை லென்ஸ் வைத்துப் பாருங்கள். உள்ளே ஒரு சிறு துண்டு, அதைத் தொட்டுக்கொண்டு ஒரு நுண்ணிய வளைந்த கம்பி. அது பூனை மீசையேதான்! நல்ல புள்ளியைத் தொழிற்சாலையிலேயே கண்டுபிடித்து, நகராமல் கண்ணாடிக்குள் அடைத்துவிட்டார்கள்.

மிக இளைய பாகம்

காலம் கணிப்பதில் முதல் விதி மெய்க்கீர்த்தியின் விதிதான். ஒரு பெட்டி, அதிலுள்ள மிக இளைய மூலப் பாகத்தைவிடப் பழையதாக இருக்க முடியாது. 1920களின் கல் ஒன்று 1970களின் பலகையில் இருக்கலாம். ஆனால் 1946-க்குப் பின் வந்த டயோடு, 1925-ல் செய்த பலகையில் தொடக்கத்திலிருந்தே இருந்திருக்க முடியாது.

தொழிற்சாலையில் செய்த பெட்டி என்றால் பெயர்த்தகடு உதவும். அமெரிக்கத் தகடுகளில் காப்புரிமைத் தேதிகளை வரிசையாக அடித்திருப்பார்கள். அவற்றில் மிகப் பிந்திய தேதியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பெட்டி அதற்குப் பிறகு செய்தது. பிரிட்டிஷ் பெட்டிகளில் வட்டத்துக்குள் பி.பி.சி. என்ற முத்திரையும் அஞ்சல்துறைத் தலைவரின் ஒப்புதல் வாசகமும் இருக்கும். 1922-ல் ஒலிபரப்பு தொடங்கியபோது அரசு ஒப்புதல் பெற்ற பெட்டிகளைத்தான் விற்கலாம் என்று வைத்த ஏற்பாடு அது, சில ஆண்டுகளே நடப்பில் இருந்தது. ஆகவே அந்த முத்திரை 1920களின் முற்பாதியைக் காட்டும். ஜி.ஈ.சி.யின் கெக்கோஃபோன் பி.சி. 1001 போன்ற பெட்டிகளில் இதைப் பார்க்கலாம்.

பிரெஞ்சுப் பெட்டி என்றால் ஏரியலுக்கு 'ஆந்தென்', எர்த்துக்கு 'தேர்' என்று எழுதியிருக்கும். பிரெவெத்தே என்ற சொல்லோடு எஸ், ஜி, டி, ஜி என நான்கு எழுத்துகள் இருந்தால், அது அரசு உத்தரவாதம் இல்லாத காப்புரிமை என்பதன் சுருக்கம். 1844 சட்டத்தில் வந்து 1968-ல் போனது என்பதால், அதை மட்டும் வைத்துக் காலத்தைக் குறுக்க முடியாது. ஆனால் பெட்டி எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடும். புதுச்சேரிக் குடும்பங்கள் பலவற்றில் சைகோனிலும் பிரெஞ்சு ராணுவத்திலும் வேலை பார்த்துத் திரும்பியவர்கள் உண்டு. அவர்களின் டிரங்குப் பெட்டியில் இப்படி ஒன்று வந்திருக்கலாம்.

பொருள்களும் பேசும். எபனைட் என்னும் கெட்டி ரப்பரில் செய்த கறுப்புப் பலகை வெளிச்சம் பட்டுப்பட்டுப் பழுப்பும் பச்சையுமாக நிறம் மாறும். விரலால் அழுத்தித் தேய்த்தால் கந்தக வாடை வரும். நட்சத்திரப் பள்ளம் உள்ள பிலிப்ஸ் திருகாணி 1930களின் நடுவில்தான் புழக்கத்துக்கு வந்தது. எண்பலகையில் கிலோசைக்கிள் என்றிருந்தால் பழையது. ஹெர்ட்ஸ் என்ற அலகு உலக அளவில் ஏற்கப்பட்டது 1960-ல். ஹெட்போனை மல்டிமீட்டரில் அளந்தால் ஒவ்வொரு காதுக்கும் ஆயிரம், இரண்டாயிரம் ஓம் காட்டும். இன்றைய ஹெட்போன் சில பத்து ஓம்தான். தோல் நிறத்தில் காதுக்குள் செருகும் கிரிஸ்டல் இயர்போன் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய வரவு. அதிலுள்ள ரோஷல் உப்பு ஈரத்தில் கெட்டுவிடும். நம் கடலோரக் காற்றில் அது பிழைத்திருப்பதே அபூர்வம்.

நம் நாட்டுக்கென்று தனியான தடயங்களும் உண்டு. ரசீதிலோ அட்டையிலோ விலை அணாவில் இருந்தால் 1957 ஏப்ரலுக்கு முன். நயா பைசா என்றிருந்தால் 1957-க்கும் 1964-க்கும் இடையில். முகவரியில் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15-க்குப் பின். பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் ஜெர்மானியம் டயோடு, டிரான்சிஸ்டர் செய்யத் தொடங்கியது 1962-ல். அதன் பெயர் உள்ள டயோடு அதற்குப் பிந்தியது. பெட்டியோடு அஞ்சலகத்தில் எடுத்த ரேடியோ லைசென்ஸ் புத்தகம் கிடைத்தால் அதிர்ஷ்டம்தான். அந்த லைசென்ஸ் முறை 1980களின் நடுவில் ஒழிந்தது.

எந்த நிலையத்தைக் கேட்டிருக்கும்?

பாகங்களை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தக் கூடாது. பக்கத்தில் நிலையம் இல்லாமல் கிரிஸ்டல் ரேடியோ ஊமை. ஆகவே நிலையங்களின் வரலாறும் ஒரு சாட்சி.

தமிழ்நாட்டில் முதல் ஒலிபரப்பு மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப்புடையது. சி. வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியில் 1924 மே 16-ல் தொடங்கிய அந்தச் சங்கம், ஜூலை 31 முதல் 40 வாட் டிரான்ஸ்மிட்டரில் ஒலிபரப்பியது. பழைய குண்டு பல்பு ஒன்றின் அளவு ஆற்றல்! பின்னால் ஆற்றலைக் கூட்டினாலும் பணமின்றி 1927 அக்டோபரில் நின்றது. அந்தக் கருவிகளைப் பெற்றுக்கொண்ட சென்னை மாநகராட்சி 1930 ஏப்ரல் 1 முதல் ஒலிபரப்பு நடத்தியது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்தது 1938 ஜூன் 16-ல், திருச்சி நிலையம் 1939 மே 16-ல்.

திருபுவனையிலிருந்து சென்னை நூற்றைம்பது கிலோமீட்டர் அளவுக்குத் தொலைவு. 1920களின் சிறு டிரான்ஸ்மிட்டர்களை அவ்வளவு தூரத்தில் கிரிஸ்டல் செட்டில் கேட்பது நடக்காத காரியம். புதுச்சேரியில் அகில இந்திய வானொலி நிலையம் தொடங்கியது 1967-ல்தான். திருபுவனையிலிருந்து புதுச்சேரி இருபது கிலோமீட்டர் அளவுக்குத்தான். கிரிஸ்டல் செட்டுக்கு இது ஏற்ற தூரம்.

ஆகவே நம் வட்டாரத்தில் ஒரு பழைய பிரெஞ்சு கலீனா செட் கிடைத்தால், அது வேறெங்கோ பாடிவிட்டு இங்கே வந்து ஓய்ந்தது என்று கொள்வதே பொருத்தம். இங்கேயே தினமும் பயன்பட்ட செட் என்றால், அது பெரும்பாலும் 1967-க்குப் பிந்தியது.

பலகையைப் படித்தல்

டார்ச் லைட், லென்ஸ், வெர்னியர் அளவுகோல். இவற்றோடு அக்காவின் திண்ணையில் உட்கார்ந்தேன். "புளி போட்டுத் தேச்சுக் குடுக்கட்டா தம்பி? பித்தளையெல்லாம் பளிச்சுனு ஆயிடும்" என்றார். "வேணாங்க்கா, கறையும் அழுக்கும்தான் இதுல எழுத்து" என்றேன்.

கல்லோ மீசையோ இல்லை. இருந்தது ஒரு சிறு டயோடு. லென்ஸில் ஓ.ஏ.79 என்ற எண்ணும் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் பெயரும் தெரிந்தன. ரேடியோ மெக்கானிக்குகள் எல்லோருக்கும் பழக்கமான எண் அது. ஆக, 1962-க்குப் பின். ஆனால் இது மூலப் பாகம்தானா, கல் இருந்த இடத்தில் பின்னால் மாட்டியதா? கிண்ணத்தைக் கழற்றியிருந்தால் அங்கே வெளிறிய வட்டத் தடமும் வேறு துளைகளும் இருக்க வேண்டும். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பார்த்தேன். பலகை ஒரே சீராகக் கறுத்திருந்தது, வேறு துளை இல்லை. டயோடு ஆரம்பத்திலிருந்தே அங்கே இருந்திருக்கிறது.

பலகையைக் கவிழ்த்தேன். ஒரு திருகாணி ஆடாமலிருக்க மடித்துத் திணித்த காகிதம். திருகாணி அதை ஊடுருவியே போயிருந்தது. ஏதோ கடை ரசீதின் மூலை. முகவரிக் கடைசியில் 605001. அது பின்கோடு. ஆக, 1972 ஆகஸ்டுக்குப் பின். அக்காவின் அப்பா இறந்தது 1984-ல். இரண்டுக்கும் இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் வந்துவிட்டோம்.

அடுத்தது காயில். அட்டைக் குழாயின் விட்டம் மூன்று அங்குலம். துணிச் சுருளுக்குள் வரும் குழாய் அது. ஒரு சுற்றுக்கு 0.6 மில்லிமீட்டர் இடம். தகடு படும் வழியில் எனாமலைச் சுரண்டி எடுத்திருந்தார்கள். அந்த வழி முழுக்கத் தாமிரம் தெரிந்தாலும், ஓரிடத்தில் மட்டும் கம்பி பள்ளம் விழுந்து தேய்ந்திருந்தது. ஊசி முனையால் ஒவ்வொன்றாக எண்ணினேன். இருபத்தெட்டாவது சுற்று. ஐம்பத்து மூன்றாவது சுற்றில் இன்னொரு தேய்மானம், லேசாக.

விட்டம், நீளம், சுற்றுகளின் எண்ணிக்கை மூன்றும் தெரிந்தால் காயிலின் மின்தூண்டலைக் கணக்கிட 1928-ல் ஹெரால்ட் வீலர் எளிய சூத்திரம் ஒன்று தந்திருக்கிறார். இந்தக் குழாயில் 28 சுற்றுக்கு ஏறத்தாழ 88 மைக்ரோஹென்றி வருகிறது, 53 சுற்றுக்கு 243. ஏரியல் மாடியிலிருந்து தென்னை மரம்வரை போனது என்று அக்காவுக்கு நினைவிருந்தது. இருபது, இருபத்தைந்து மீட்டர் கம்பிக்கு மின்தேக்கம் சுமார் 200 பிக்கோஃபாரட் என்று கொள்ளலாம். இரண்டையும் சேர்த்தால் முதல் இடம் 1200 கிலோஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் வருகிறது. புதுவை வானொலியின் அலைவரிசை 1215. இரண்டாவது இடம் 720-ஐ ஒட்டி வருகிறது. அது சென்னை. ஏரியல் சற்று நீண்டோ குறுகியோ இருந்திருந்தால் மூன்று நான்கு சுற்று முன்பின் ஆகும். ஆனால் பள்ளத்தில் இருப்பது பக்கத்து நிலையம், லேசான தேய்மானத்தில் இருப்பது தூரத்து நிலையம் என்ற முடிவு மாறாது.

"நூறு வருஷம் இல்லக்கா. நாப்பது, அம்பது வருஷம்தான் இருக்கும். பிரெஞ்சுக்காரங்க போனதுக்கு அப்புறம் செஞ்சது."

அவர் ஏமாறுவார் என்று நினைத்தேன். பலகையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். "அப்போ அப்பா கையால சுத்துனதுதான்னு சொல்லு" என்றார். "மில்லு விட்டு வந்ததும் காதுல மாட்டிக்குவாரு. சோறு ஆறுதுன்னு கூப்பிட்டாகூடத் திரும்ப மாட்டாரு."

பழம்பொருள் விற்பவர்கள் வயதைக் கூட்டிச் சொல்வார்கள். வயது கூடினால் விலை கூடும். ஆனால் இந்தப் பலகைக்கு நூறு வயது கொடுத்திருந்தால், அதை யாரோ ஒரு துரையிடம் கொடுத்திருப்போம். சரியான வயதுதான் அதைச் செய்தவரிடம் கொண்டுவந்து சேர்த்தது. உங்கள் பரணிலும் இப்படி ஒன்று இருக்கலாம். துடைக்காதீர்கள், எண்ணெய் போடாதீர்கள், உள்ளே இருக்கும் காகிதத் துண்டைக் குப்பையென்று எறியாதீர்கள். முதலில் படம் எடுங்கள், சுற்றுகளை எண்ணுங்கள், வீட்டுப் பெரியவர்களிடம் ஏரியல் எங்கே கட்டியிருந்தது என்று கேளுங்கள்.

கிளம்பும் முன் ஒரு வெள்ளைத்தாளில் பென்சிலால் எழுதினேன்: திருபுவனை. கிரிஸ்டல் ரேடியோ. ஓ.ஏ.79 டயோடு. 1972-க்குப் பின், 1984-க்கு முன். 28-ஆம் சுற்றில் தேய்மானம், புதுவை வானொலி. அதற்குக் கீழே தன் அப்பாவின் பெயரை அக்கா அவர் கையாலேயே எழுதினார். தாளை மடித்து, பழைய ரசீதுக்குப் பக்கத்தில் பலகையின் அடியில் வைத்தோம். கோயில் கல்லில் ஆண்டை வெட்டி வைத்தவர்கள் நமக்குச் செய்த உதவியை, அடுத்து இந்தப் பரணைத் திறக்கப்போகிறவருக்கு நாமும் செய்தோம்.